தாளை மடித்து வைத்த பிறகு

மேடையில் நிற்பவர் தாளைப் பார்த்துப் படிக்கிறாரா, சொந்தமாகப் பேசுகிறாரா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருஷம் எனக்கு அதுதான் வேலை. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் அலுவலகத்தில் தமிழ்ச் சுருக்கெழுத்துக்காரியாக இருந்தேன். மந்திரியோ, எம்.எல்.ஏ.வோ, டெல்லியிலிருந்து வருகிறவரோ, யார் வந்து எதைத் திறந்து வைத்தாலும் அவர் படிக்க வேண்டிய பேச்சைத் தட்டச்சு செய்வதும், அவர் உண்மையில் பேசியதைக் குறிப்பெடுப்பதும் என் பொறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதருடைய வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தாளில் இருக்கும் பேச்சு என் கையிலிருந்து போவது. அதிகாரி எழுதித் தருவார், மேலே இரண்டு பேர் திருத்துவார்கள், நான் நிறைய இடைவெளி விட்டு அடிப்பேன். படிக்கிறவர்கள் அர்த்தம் முடிகிற இடத்தில் மூச்சு விடுவதில்லை, வரி முடிகிற இடத்தில்தான் விடுவார்கள். அதனால் இளைப்பு உள்ளவர் வருகிறார் என்று தெரிந்தால் வரிகளைச் சின்னதாக முடிப்பேன். ஒரு பெரியவர் ‘தொழிலாளர்களின் நலனே’ என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைப் பிரிக்க விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒரு நிமிஷத்தைப் போக்கினார். அதற்குள் பின்வரிசையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து பக்கம் முடியும்போது வாக்கியத்தையும் முடித்துவிடுவேன். கடைசிப் பக்கத்தில், இடது ஓரம், கீழே, என் பெயரின் இரண்டு எழுத்தைச் சின்னதாக அடிக்க வேண்டும். எல்லா அலுவலகத்திலும் உள்ள வழக்கம்தான்.

தாளை மடித்து வைத்துவிட்டால் அதே மனிதர் வேறு ஆள். படிக்கும்போது ‘பாட்டாளிப் பெருமக்களே’ என்றவர், மடித்ததும் ‘என்னப்பா, பின்னாடி கேக்குதா’ என்பார். தாளில் ‘ஆவன செய்யப்படும்’ என்று இருக்கும். யார் செய்வது, எப்போது செய்வது என்று அதில் இருக்காது. மடித்த பிறகு ‘நான் செய்றேன்’ என்று நெஞ்சில் தட்டிக்கொள்வார். சனம் அப்போதுதான் நிமிர்ந்து உட்காரும். எனக்கும் அப்போதுதான் வேலை தொடங்கும். அதுவரை நகலை மடியில் வைத்துக்கொண்டு, எந்த வரியைத் தாண்டிப் போகிறார் என்று கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். தாள் மடங்கியதும் நோட்டைத் திறந்தால் பென்சில் பறக்கும்.

அந்தக் குறிப்பு எதற்கு என்றால், அவர் வாய் தவறி எதையாவது சொல்லி அது பத்திரிகையில் வந்துவிட்டால் எங்கள் அதிகாரிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அது பதிவுக்கு அல்ல, பயத்துக்கு. பதிவாவது தாள் மட்டும்தான். ஆனால் கீழே தரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? அவர் படிக்கும்போது மேடை ஓரத்தில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், அவர் பேசும்போது விழுந்து விழுந்து எழுதுகிறாள். எந்தப் பேச்சு நிற்கும் என்று அவர்கள் நினைப்பார்கள்? இதை ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

என் நாற்காலி எப்போதும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருக்கும். அந்த ஆம்ப்ளிஃபயருக்குச் சொந்தக்காரர் இல்லை, ஆனால் அதை ஆள்கிறவர் ஒருவர் இருந்தார். விழா வேலைகளைக் கான்ட்ராக்ட் எடுத்தவரிடம் தினக்கூலி. முப்பது வயது இருக்கும். மைக் கட்டுவது, ஸ்பீக்கர் குழாய் ஏற்றுவது, ஒயர் இழுப்பது எல்லாம் அவர்தான். கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். வந்ததும் முதல் காரியமாகப் பந்தல் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து, அங்கே எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுவார். நான் கோவில்பட்டிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள், இந்த வெயில் என்னை ஒன்றும் செய்யாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அவருக்கும் என்னைப் போலவே ஒரு கணக்கு இருந்தது. படிக்கிறவர் தலையைக் குனிந்துகொள்வதால் சத்தம் மைக்குக்குக் கீழே போய்விடும். அப்போது வால்யூமைக் கூட்டுவார். தாளை மடித்ததும் தலை நிமிர்ந்து குரல் எகிறும். அதற்கு அரை விநாடி முன்பே வால்யூமைக் குறைத்துவிடுவார். முந்திக் குறைக்கவில்லை என்றால் குழாய் கீச்சிட்டு முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளும். யார் எப்போது மடிப்பார் என்று எங்களுக்குள் பந்தயம் கூட நடக்கும். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். மடிக்கப்போகிறவர் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார்.

ஒருநாள் நகலை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தவர், கீழ் ஓரத்தில் இருந்த இரண்டு எழுத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். தப்பு வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிவதற்காக என்றேன். நல்ல ஏற்பாடு என்று சிரித்தார்.

அவருடைய அப்பாவின் நிலம் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட நிலங்களில் ஒன்று. முந்திரியும் கொஞ்சம் மணிலாக் கடலையும் போட்டிருந்த காணி. நிலம் போனதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். பேசுவதெல்லாம் பர்மனென்ட்டைப் பற்றித்தான். எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கும். பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பெண் கொடுத்த வீட்டில் மரியாதை. கான்ட்ராக்ட் என்றால் விழா இருக்கிற நாளைக்குச் சோறு. நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்ற பேச்சு அப்போது ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்தது. அது தனக்கு வரும் என்று அவர் நம்பினார். வந்த பிறகும் மைக் கட்ட வருவேன், உங்களுக்கு நாற்காலி போட வேறு யாருக்குத் தெரியும் என்பார்.

எழுபதுகளின் கடைசி அது. அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு விழா வந்தது. ஒரு மந்திரி வருகிறார். பேச்சை முந்தின நாள் மத்தியானம் அடித்தேன். ஆறாவது பத்தியில் ஒரு வாக்கியம்: நிலம் வழங்கியோர் இன்றிலிருந்து முப்பது நாட்களுக்குள் நில எடுப்பு அலுவலகத்தில் தத்தம் பெயர்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் எனவும், அவ்வாறு பதிவு செய்தோர் மட்டும் வேலைவாய்ப்புக்குப் பரிசீலிக்கப்படுவர் எனவும் தெரிவித்துக்கொள்கிறேன். மூன்று வரியில் வந்தது. தட்டச்சுக்காரி அடிப்பதைப் படிப்பதில்லை, விரல்தான் படிக்கும். ஆனாலும் இந்த வாக்கியம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லாமல் போயிருந்தால் இவ்வளவு வருஷம் இப்படி வலித்திருக்காது.

மந்திரி குனிந்து படித்தார். காற்று வேறு. தம்பி வால்யூமைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். ஆறாவது பத்தியும் மற்ற பத்திகளைப் போலவே போனது. கூட்டத்தில் பேச்சுச் சத்தம், பிள்ளைகள் அழுகை. எட்டாவது பத்தியின் நடுவில் கண்ணாடியைக் கழற்றினார். தம்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டு வால்யூமைக் குறைத்தார். நான் நோட்டைத் திறந்தேன்.

“இது அதிகாரிங்க எழுதிக் குடுத்தது. இதை நீங்களும் கேக்க வேணாம், நானும் படிக்க வேணாம்” என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “நானும் ஏர் புடிச்ச கைதான். மண்ணைக் குடுத்தவனை வாசல்ல நிக்க வச்சு மனு வாங்கறதுக்கு நான் மந்திரியா வரல. நீங்க எந்த ஆபீஸ் படியும் ஏற வேணாம். ஆர்டர் உங்க வூடு தேடி வரும். வரலைன்னா என் சட்டையைப் புடிச்சுக் கேளுங்க.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். தோள் துண்டை விட்டுவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பெண்கள் அழுதார்கள். எனக்கும் எழுத்து கலங்கித் தெரிந்தது. என் அப்பாவும் மானாவாரிக் காட்டில் ஏர் பிடித்தவர், மழை ஏமாற்றிய வருஷங்களில் அவர் குரலும் இப்படித்தான் உடையும். அத்தனை வருஷம் மேடை ஓரத்தில் உட்கார்ந்து எல்லாரையும் கேலி செய்தவள் அன்றைக்கு அப்படியே விழுந்துவிட்டேன். பென்சிலை மட்டும் நிறுத்தவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தம்பி ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். ஆறாவது பத்தி அவர் காதில் பாதி விழுந்திருக்கிறது. வால்யூமைக் கூட்டியவர் அவர்தானே. முப்பது நாள், பெயர் பதியணும் என்று ஏதோ வந்ததே, போய்ப் பதிந்துவிட்டு வரட்டுமா, அப்பா காலையிலேயே பட்டாவை எல்லாம் மஞ்சப்பையில் எடுத்து வைத்துவிட்டார் என்றார். போக ஒரு நாள், நிற்க ஒரு நாள், இரண்டு நாள் கூலி போகும். அதனால்தான் என்னைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

நகல் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம்.

“பேப்பர்ல வர்றதெல்லாம் சடங்கு தம்பி. வருஷம் பூரா அடிக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? படி ஏற வேணாம்னு அவரே வாயால சொல்லிட்டாரு. நான் எழுதி வச்சிருக்கேன். பேசாம இருங்க.”

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்துக் கூடக் குறையவில்லை. அடுத்தவர் பேச்சைப் பிசகாமல் ஞாபகம் வைத்துக்கொள்ளப் பழகியவளுக்குத் தன் பேச்சும் அப்படியே நின்றுவிடுகிறது. அவர் முகம் தெளிந்துவிட்டது. ‘நீங்க எழுதிக்கினு இருந்ததைப் பார்த்தேங்க’ என்றார். வீட்டுக்குப் போய், கிளம்பி நின்ற அப்பாவையும் உட்கார வைத்துவிட்டார். அக்கா எழுதி வச்சிருக்காங்க என்று சொன்னாராம்.

முப்பது நாள் போனது. நாற்பது நாள் போனது. ஆர்டர் யார் வீட்டையும் தேடி வரவில்லை. ஆனால் பெயர் பதிந்திருந்தவர்களில் சிலருக்கு அழைப்பு வந்தது. தாளில் இருந்தது கொஞ்சம்தான். எழுதிய அதிகாரிகள் பயந்த மனிதர்கள், அனுமதி வாங்கியதைத் தவிர ஒரு சொல் கூட எழுதமாட்டார்கள். அதனாலேயே அதில் இருந்த கொஞ்சம் நிஜமாக இருந்தது. இவ்வளவு வருஷம் அந்த வறண்ட தமிழை அடித்து அடித்து, அதில் உயிர் இல்லை என்பதை உண்மை இல்லை என்று எடுத்துக்கொண்டுவிட்டேன்.

தம்பி மஞ்சப்பையோடு போய் நின்றபோது தேதி முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். என்னிடம் வந்து சொன்னார். திட்டவில்லை. அப்பா பேசுவதில்லை என்று மட்டும் சொன்னார்.

நான் என் நோட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். மந்திரி பேசியதை வரிக்கு வரி படித்துக் காட்டினேன். அவர் கெட்டவர் அல்ல. முழுக்கக் கேட்டார். பிறகு மேஜையிலிருந்த தட்டச்சு நகலை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“இதுதாம்மா உரை. மத்தது அவர் சனங்களோட பேசிக்கிட்டிருந்தது.”

அந்த நோட்டைப் படிக்க என்னைத் தவிர அந்தக் கட்டடத்தில் யாராலும் முடியாது. கோடும் கொக்கியுமாக இருக்கும். வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன். குற்ற உணர்ச்சி என்று பெரிய பெயர் எல்லாம் வேண்டாம். ஒருவரைக் குழியில் தள்ளிவிட்டு மேலே நின்று எட்டிப் பார்க்கிறவளின் நிலைமைதான் அது.

இரண்டு வருஷம் கழித்து அதே மந்திரி மறுபடி வருகிறார் என்று தெரிந்தது. வடக்குத்து என்ற ஊரில் ஏதோ கட்டடத் திறப்பு. தம்பிக்கு அதற்குள் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். மஞ்சப்பை இப்போது தம்பியிடம் இருந்தது. இந்த முறை நேராகவே கேட்டுவிடுவது என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். அவர் மனு எழுதி வைத்துக்கொள்வது, மந்திரி இறங்கி வரும்போது கொடுப்பது, பழைய நோட்டோடு நான் பக்கத்தில் நின்று ‘ஐயா, நீங்கள் சொன்ன வார்த்தை’ என்று படித்துக் காட்டுவது. சட்டையைப் பிடிக்கச் சொன்னவர்தானே. வேலைக்கு ஆபத்து வரலாம் என்று தெரியும். பரவாயில்லை என்று இருந்தேன். அவர் அன்றைக்குக் கண் கலங்கியது நிஜம் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மனு தம்பியின் சட்டைப் பையில் நான்காக மடித்து இருந்தது. மந்திரி குனிந்து படித்தார், தம்பி வால்யூமைக் கூட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றினார், தம்பி குறைத்தார். என் மடியில் இரண்டு நோட்டு, புதியது ஒன்று, பழையது ஒன்று. புதியதைத் திறந்தேன்.

“இது அதிகாரிங்க எழுதிக் குடுத்தது. இதை நீங்களும் கேக்க வேணாம், நானும் படிக்க வேணாம்” என்றார் மந்திரி. தாள் சட்டைப் பைக்குள் போனது. “நானும் ஏர் புடிச்ச கைதான்.”

பென்சில் நின்றுவிட்டது. புதிய நோட்டை மூடிவிட்டுப் பழையதைப் பிரித்தேன். தட்டச்சு நகலை எப்படி வரி வரியாகப் பார்த்துக்கொண்டே போவேனோ அப்படியே இதையும் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு சொல் விடவில்லை. மண்ணைக் கொடுத்தவன் வந்தான், வாசல் வந்தது, படி வந்தது, வீடு தேடி ஆர்டர் வந்தது, சட்டையும் வந்தது. பிறகு அந்த நிறுத்தம். பிறகு இடுப்பிலிருந்து கைக்குட்டை. பெண்கள் அழுதார்கள். இந்த ஊர்ப் பெண்களுக்கு அது முதல் தடவை.

அதுவும் எழுதி வைத்த பேச்சுதான். யாரும் தட்டச்சு செய்யாததால் அதன் கீழே யார் எழுத்தும் இல்லை.

தலையைத் தூக்கினால் தம்பி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் ஓடவில்லை என்பதைப் பார்த்தார். பழைய நோட்டு திறந்திருப்பதையும் பார்த்தார். மந்திரியின் குரல் இன்னும் ஏறியது, தம்பி முன்வரிசைப் பிள்ளைகளுக்காக இன்னும் கொஞ்சம் வால்யூமைக் குறைத்தார். மந்திரி இறங்கிக் காருக்குப் போகும்போது அவர் எழுந்திருக்கவே இல்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. கான்ட்ராக்ட் கைமாறும்போதெல்லாம் அவரும் கைமாறினார். நான் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்தபோதும் அவர் தினக்கூலிதான்.

அந்த இரண்டாவது விழா அன்றைக்கு, கூட்டம் கலைந்த பிறகு தம்பி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு வருஷமாக ஒரு பொய்யை வைத்திருந்தேன். முப்பது நாளுக்குள் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் என்று தாளில் தெளிவாக இருந்தது, அது எனக்குத் தெரியும், அன்றைக்கு நீங்கள் கேட்டபோதும் தெரிந்திருந்தது என்பதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவே இல்லை. நானும் உங்களைப் போல ஏமாந்தவள் என்பது மாதிரியே நடந்துகொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். தம்பி, அந்தப் பேப்பரில் என்று ஆரம்பித்ததுமே அவர் கையை நிறுத்தினார்.

“தெரியுங்கக்கா. மஞ்சப்பையோட போய் நின்ன அன்னிக்கே, அந்த ஆபீஸ்ல அந்தப் பேச்சைப் பலகையில ஒட்டி வச்சிருந்தாங்க. முழுக்கப் படிச்சேன். கீழ ஓரத்துல உங்க எழுத்து ரெண்டும் இருந்துச்சு.”

சுற்றிய ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ‘மன்னித்துவிடுங்கள்’ என்ற சொல்லை எத்தனையோ பேருக்காக அடித்திருக்கிறேன், என் வாயில் அது வரவில்லை.

தப்பு வந்தால் யாரைப் பிடிப்பது என்று நானே அவருக்குச் சொல்லித் தந்திருந்தேன். இரண்டு வருஷம் தெரிந்துகொண்டே அவர் பிடிக்காமல் இருந்திருக்கிறார். அடுத்த மாதம் இன்னொரு விழா. போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது, ஆனால் வேலை. தயங்கித் தயங்கிப் போனேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், நிழல் விழும் இடமாகப் பார்த்து, என் நாற்காலி போட்டிருந்தது.